தலைப்பிரசவத்தைக் குறிவைக்கும் மலேரியா!

சிறுவயதில் பலமுறை மலேரியா வந்து பிழைத்த பெண்ணை, வளர்ந்த பிறகு அந்த நோய் பெரிதாகப் படுத்துவதில்லை. ஆனால், அவர் முதன்முதலாகக் கருவுற்றதும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. ஏன் இப்படி?

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில், மலாவி ஏரியின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது மங்கோச்சி மாவட்டம். மீன்பிடித்தலும் மக்காச்சோளமும்தான் பலருக்குப் பிழைப்பு. கொசுவுக்கும் குறைவில்லை. இதுபோன்ற பகுதிகளில் பிறக்கும் குழந்தைக்கு, ஐந்து வயதுக்குள் பலமுறை மலேரியா வந்துவிடும். அதில் உயிரிழக்கும் குழந்தைகள் ஏராளம். பிழைத்து வளர்பவர்களுக்கோ, ஒவ்வொரு காய்ச்சலும் ஒரு பாடமாகி, கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பு சக்தி சேர்ந்துவிடும். பெரியவர்களான பிறகு ரத்தத்தில் கிருமி இருந்தால்கூடக் காய்ச்சல் அடிக்காது. வயலுக்கும் சந்தைக்கும் போய்க்கொண்டு சாதாரணமாக இருப்பார்கள்.

அப்படி வளர்ந்த ஒரு பெண்ணுக்கு 19 வயதில் திருமணமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் கர்ப்பம். நான்காவது, ஐந்தாவது மாதத்தில் ஒரே களைப்பு. நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. கர்ப்பம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். காய்ச்சல் இல்லாததால் மலேரியாவைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. கடைசியில் குழந்தை பிறக்கும்போது எடை 2 கிலோகூட இல்லை. தாயின் உடலில் ரத்தம் வற்றிப்போயிருக்கிறது.

அதே வீட்டில் இருக்கும் மாமியார் ஐந்து பிள்ளை பெற்றவர். கடைசி மூன்று பிரசவங்களில் இந்தத் தொல்லை எதுவும் அவருக்கு இல்லை. ஒரே வீடு, ஒரே கொசு, ஒரே கிருமி. மருமகளை மட்டும் மலேரியா ஏன் இப்படிச் சாய்க்க வேண்டும்?

தலைப்பிரசவத்தில்தான் மலேரியா அதிகம் தாக்குகிறது என்பதை மருத்துவர்கள் வெகுகாலமாகவே கவனித்து வந்தார்கள். கர்ப்ப காலத்தில் பெண்ணின் எதிர்ப்பு சக்தி பொதுவாகக் குறைந்துவிடும், அதுதான் காரணம் என்று விளக்கமும் சொன்னார்கள். அந்த விளக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. எதிர்ப்பு சக்தி குறைவதுதான் காரணம் என்றால், ஐந்தாவது கர்ப்பத்திலும் அது குறையத்தானே வேண்டும்?

நஞ்சுக்கொடிக்குள் ஒரு மறைவிடம்

இந்த முடிச்சு அவிழ்ந்தது, பிரசவத்துக்குப் பிறகு யாருக்கும் வேண்டாததாகிவிடும் ஒரு பொருளில். அதுதான் நஞ்சுக்கொடி.

1990-களில் கென்யாவின் மேற்குப் பகுதியில் மிக்கால் ஃப்ரீட், பேட்ரிக் டஃபி என்ற இரு ஆய்வாளர்கள், மலேரியா தொற்றிய தாய்மார்களின் நஞ்சுக்கொடிகளைச் சேகரித்து, அவற்றுக்குள் இருந்த கிருமிகளைப் பரிசோதித்தார்கள். 1996-ல் வெளியான அவர்களின் ஆய்வு, மலேரியாவைப் பற்றிய புரிதலையே மாற்றியது.

அதைப் புரிந்துகொள்ள, மலேரியாக் கிருமியின் பிழைப்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மலேரியாவிலேயே மிகவும் ஆபத்தானது 'ஃபால்சிபாரம்' என்ற வகை. பெண் அனோஃபிலிஸ் கொசு கடிக்கும்போது உடலுக்குள் நுழையும் இந்தக் கிருமி, முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகும். பிறகு ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களுக்குள் புகுந்துகொள்ளும். சுமார் 48 மணி நேரத்தில் ஒரு சிவப்பணுவை உள்ளிருந்தே தின்று தீர்த்து, பல குட்டிக் கிருமிகளாக வெடித்து வெளியேறி, அடுத்த அணுக்களைத் தேடிப் போகும்.

இதில் கிருமிக்கு ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்தோடு சுற்றிவந்தால் மண்ணீரல் வழியாகப் போயாக வேண்டும். கெட்டுப்போன சிவப்பணுக்களைப் பிடித்து அழிப்பது மண்ணீரலின் வேலை. அதனிடம் மாட்டாமல் இருக்க, கிருமி ஒரு தந்திரம் செய்கிறது. தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேல்பரப்பில் பசை போன்ற ஒரு புரதத்தை நீட்டி, ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டிக்கொண்டால் மண்ணீரலிடமிருந்து தப்பிக்கலாம். ஆனால், வெளியே நீட்டிய புரதத்தை உடலின் பாதுகாப்புப் படை அடையாளம் கண்டு, அதற்கு எதிராக ஆன்டிபாடிகளை உருவாக்கிவிடும். உடனே கிருமி வேறொரு புரதத்துக்கு மாறிக்கொள்ளும். போலீஸ் அடையாளம் கண்டுவிட்டால் சட்டையை மாற்றிக்கொள்ளும் திருடனைப் போல! ஃபால்சிபாரம் கிருமியின் மரபணுக்களில் இப்படி ஏறக்குறைய 60 'சட்டைகள்' இருக்கின்றன. சிறுவயதில் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்து பிழைத்தவரின் உடல், இந்தச் சட்டைகளில் பலவற்றைப் பார்த்துப் பழகிவிடுகிறது. பெரியவர்களுக்கு வரும் எதிர்ப்பு சக்தியில் பெரும்பங்கு அதுதான்.

ஒரு சட்டை மட்டும் பெட்டியிலேயே கிடக்கிறது. அதை அணிந்துகொண்டு ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். 'காண்ட்ராய்டின் சல்ஃபேட் ஏ' என்ற ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிதான் அந்த இடம். அது கிருமிக்கு வசதியான வடிவில் மிகுதியாகக் கிடைப்பது நஞ்சுக்கொடியில். நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த கிருமிகள் இந்தச் சர்க்கரையில் ஒட்டின; கர்ப்பிணி அல்லாதவர்களிடம் எடுத்த கிருமிகள் ஒட்டவில்லை. ஃப்ரீடும் டஃபியும் கண்டது இதைத்தான். அந்தச் சட்டையின் பெயர் 'வார்2சிஎஸ்ஏ' என்பது 2003-ல் தெரியவந்தது.

இப்போது மாமியார் - மருமகள் புதிர் விடுபடுகிறது. மருமகளின் உடல் குழந்தைப் பருவத்திலிருந்து பார்த்துப் பழகிய சட்டைகளில் இது இல்லை. இருக்கவும் முடியாது. நஞ்சுக்கொடி என்ற உறுப்பே அவருக்கு இப்போதுதான் முதன்முறையாக உருவாகிறது. அந்தப் புது வீட்டில், புதுச் சட்டையோடு கிருமி குடியேறும்போது, உடலுக்கு அது முற்றிலும் புது எதிரி. இரண்டாவது, மூன்றாவது கர்ப்பங்களில் அதையும் உடல் அடையாளம் கண்டுகொள்கிறது. பலமுறை கருவுற்ற பெண்களிடம் இதற்கான ஆன்டிபாடிகள் இருப்பதையும், ஓர் இடத்துக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி வேறு இடத்துக் கிருமியையும் தடுப்பதையும் 1998-ல் அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே ஊரில், அதே கொசுக்கடியில் வாழும் ஆண்களிடம் இந்த ஆன்டிபாடிகள் பொதுவாக இருப்பதில்லை.

குழந்தையின் எடை ஏன் குறைகிறது?

நஞ்சுக்கொடிக்குள் தாயின் ரத்தம் குளம்போலத் தேங்கி நிற்கும். அந்தக் குளத்துக்குள் குழந்தையின் பக்கத்திலிருந்து வேர்கள் போன்ற நுண்ணிய இழைகள் நீண்டிருக்கும். தாய் ரத்தமும் சேய் ரத்தமும் கலக்காமலேயே, அந்த இழைகளின் வழியாக ஆக்ஸிஜனும் சத்துகளும் குழந்தைக்குப் போகும்.

மலேரியாக் கிருமி ஏறிய சிவப்பணுக்கள் வந்து குவிவது இந்தக் குளத்தில்தான். அவற்றை எதிர்க்க வெள்ளையணுக்கள் திரண்டு வர, அந்த இடமே போர்க்களமாகி வீங்கிப்போகிறது. குழந்தைக்குப் போக வேண்டிய சத்தும் ஆக்ஸிஜனும் குறைகின்றன. கருவில் வளர்ச்சி மந்தமாகிறது. சில கர்ப்பங்கள் கலைந்துபோகின்றன. சில குழந்தைகள் குறைமாதத்தில் பிறக்கின்றன. சில குழந்தைகள் இறந்தே பிறக்கின்றன. நிறைமாதத்தில் பிறந்தாலும் எடை 2.5 கிலோவுக்குக் கீழே இருக்கிறது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு முதல் மாதத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. தாய்க்கோ, கிருமிகள் சிவப்பணுக்களை அழித்துக்கொண்டே இருப்பதால் கடுமையான ரத்தசோகை. அந்த நிலையில் பிரசவத்தின்போது ரத்தப்போக்கும் ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து.

இதில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. கிருமிகள் நஞ்சுக்கொடியில் பதுங்கிக்கொள்வதால், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் சில நேரம் எதுவும் தெரியாது. பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியைச் சோதித்தால் கிருமிகள் இருக்கும். அல்லது அவை விட்டுச்சென்ற கரும்பழுப்பு நிறத் துகள்கள் படிந்திருக்கும்.

கர்ப்பிணியைத் தேடி வரும் கொசு

கிருமிக்கு மட்டுமல்ல, கொசுவுக்கும் கர்ப்பிணிகள்மீது தனி ஈர்ப்பு. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் நடந்து, 2000-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பிணிகளும் கர்ப்பிணி அல்லாத பெண்களும் தனித்தனிக் குடிசைகளில் கொசுவலைக்குள் தூங்கவைக்கப்பட்டார்கள். மலேரியாவைப் பரப்பும் கொசுக்கள், கர்ப்பிணிகளைத் தேடி ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாக வந்தன.

காரணம் எளிமையானது. கொசு தன் இரையைக் கண்டுபிடிப்பது மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் வைத்துதான். நிறைமாதத்தை நெருங்கும் பெண்கள் 21 சதவிகிதம் அதிகமாக மூச்சுக்காற்றை வெளியிட்டார்கள். அவர்களின் வயிற்றுப் பகுதி 0.7 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடாக இருந்தது. போதாக்குறைக்கு, சிறுநீர் கழிக்க இரவில் அவர்கள் அடிக்கடி எழுந்து கொசுவலையைவிட்டு வெளியே வர வேண்டியிருந்தது.

மூன்று மாத்திரைகளில் ஒரு கவசம்

காய்ச்சல் வராது, பரிசோதனையிலும் சிக்காது என்றால் என்னதான் செய்வது? நோய் வரும்வரை காத்திருக்காமல், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் முன்கூட்டியே மருந்து கொடுத்துவிடுவது என்று ஆப்பிரிக்க நாடுகள் முடிவெடுத்தன.

ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை குளோரோகுயின் மாத்திரை தரப்பட்டது. அதன் கசப்பும், அது பலருக்கு ஏற்படுத்திய உடல் அரிப்பும் பெண்களுக்குப் பிடிக்கவில்லை. வாரா வாரம் நினைவாகச் சாப்பிடுவதும் நடக்கவில்லை. போதாததற்கு, கிருமியும் அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. மங்கோச்சியில் 1980-களின் இறுதியில் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகள் இதையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. அதன்பிறகு 'சல்ஃபடாக்சின் - பைரிமெத்தமின்' என்ற கூட்டு மருந்துக்கு மாறியது மலாவி. 1993-ல் அதை நாடு முழுக்கக் கொள்கையாகவே ஏற்ற முதல் நாடு அதுதான்.

முறை சுலபம். கர்ப்பிணி மாதாந்தரப் பரிசோதனைக்கு வரும்போது, செவிலியர் முன்னிலையிலேயே மூன்று மாத்திரைகளை ஒரே வேளையில் விழுங்க வேண்டும். நான்காவது மாதத்திலிருந்து, குறைந்தது ஒரு மாத இடைவெளியில், ஒவ்வொரு வருகையின்போதும் ஒரு வேளை. பிரசவத்துக்குள் குறைந்தது மூன்று வேளையாவது உள்ளே போயிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கூடவே, பூச்சிக்கொல்லி ஏற்றிய கொசுவலை.

விலை குறைந்த மருந்து, எளிதான முறை. ஆனாலும், எல்லோரையும் சென்றடையவில்லை. 2022-ல், மலேரியா அதிகமுள்ள 33 ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 3.5 கோடிப் பெண்கள் கருவுற்றார்கள். அவர்களில் சுமார் 1.27 கோடிப் பேருக்குக் கர்ப்ப காலத்தில் மலேரியா தொற்றியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அதாவது, மூவரில் ஒருவருக்கும் மேல். மூன்று வேளை மருந்தும் கிடைத்தவர்கள் 42 சதவிகிதம் மட்டுமே. சுகாதார நிலையம் வெகுதூரம் என்பதால் பல பெண்கள் முதல் பரிசோதனைக்கே ஐந்தாவது, ஆறாவது மாதத்தில்தான் வருகிறார்கள். வந்தாலும் சில நேரம் மருந்து இருப்பு இருக்காது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த மருந்துக்கும் கிருமி பழகிவருகிறது. அதனால் புதிய மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிறார்கள். நிரந்தரத் தீர்வு தடுப்பூசிதான். இப்போது புழக்கத்தில் இருக்கும் இரண்டு மலேரியா தடுப்பூசிகளும் குழந்தைகளுக்கானவை. அவற்றில் ஒன்றைப் புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கிறது. கர்ப்பிணிகளுக்காக, வார்2சிஎஸ்ஏ என்ற அந்த மறைத்துவைத்த சட்டையையே உடலுக்கு முன்கூட்டிக் காட்டிவிடும் இரண்டு தடுப்பூசிகள் உருவாகியுள்ளன. ஜெர்மனி, பெனின், பிரான்ஸ், புர்கினா ஃபாசோ நாடுகளில் அவற்றின் முதல்கட்டச் சோதனை நடந்திருக்கிறது. அவை வெற்றி பெற்றால், தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு, ஐந்து பிள்ளை பெற்ற மாமியாரின் எதிர்ப்பு சக்தி ஊசியிலேயே கிடைத்துவிடும்.

இலங்கை சொல்லும் பாடம்

மலேரியா எப்போதும் இருக்கும் ஊர்களின் கதை இது. மலேரியா அபூர்வமாக வரும் ஊர்களில் நிலைமை வேறு. அங்கே யாருக்குமே எதிர்ப்பு சக்தி இருக்காது. அதனால் தலைப்பிரசவம், மறுபிரசவம் என்ற பேதமில்லாமல் எல்லாக் கர்ப்பிணிகளும் ஆபத்தில்தான் இருப்பார்கள். அங்கே நோய் சத்தமில்லாமல் வராது. கடும் காய்ச்சலோடு வரும். ரத்தத்தில் சர்க்கரை குறையலாம், நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளையைத் தாக்கலாம்.

இதற்குச் சாட்சி, 1934-35-ல் இலங்கையில் வெடித்த மலேரியாக் கொள்ளைநோய். வழக்கமாக மழை கொட்டும் தென்மேற்குப் பகுதியில் அந்த ஆண்டு மழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. தேங்கிய நீரில் கொசு பெருகியது. மலேரியா அதிகம் பழகியிராத மக்களிடையே அது காட்டுத்தீயாகப் பரவியதில், சில மாதங்களுக்குள் சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள். அப்போது கொழும்பில் இருந்த மகப்பேறு மருத்துவர் விக்கிரமசூரிய, மலேரியாவோடு வந்த கர்ப்பிணிகளைக் கூர்ந்து கவனித்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 1935-ல் வெளியானது. தாயின் ரத்தத்திலிருந்து குழந்தையின் ரத்தத்துக்கும் கிருமி போய்விடக்கூடும் என்பதை அவர் பதிவுசெய்தார். கர்ப்பிணிகளும் மலேரியாவும் பற்றிய ஆய்வுகளில் அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அதே இலங்கையில், உள்ளூரில் தொற்றிய மலேரியா கடைசியாகப் பதிவானது 2012-ல். மலேரியாவை ஒழித்த நாடு என்ற சான்றிதழை 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் வழங்கியது. சுமார் 26 ஆண்டுக்கால உள்நாட்டுப் போரைக் கடந்து வந்த நாட்டால் அது முடிந்திருக்கிறது.

இந்தியக் கர்ப்பிணிகள் என்ன செய்ய வேண்டும்?

இந்தியாவில் ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் மாநிலங்களின் காட்டுப்பகுதிகளிலும் வடகிழக்கின் சில பகுதிகளிலும் ஃபால்சிபாரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது. இங்கே வருவது பெரும்பாலும் 'வைவாக்ஸ்' வகை. இது ஃபால்சிபாரம் அளவுக்கு நஞ்சுக்கொடியில் குவிவதில்லை. ஆனாலும், கர்ப்பிணிக்கு ரத்தசோகையையும் குழந்தைக்கு எடைக்குறைவையும் ஏற்படுத்தும். கல்லீரலில் தூங்கிக் கிடந்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் எழுந்து வருவது இதன் குணம்.

ஆப்பிரிக்காவைப் போல எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் முன்கூட்டியே மாத்திரை தரும் வழக்கம் இந்தியாவில் இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்துச் சிகிச்சை எடுப்பதுதான் இங்கே வழி. அதற்குச் சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

* கர்ப்ப காலத்தில் குளிர், நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். முதல் பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்து, காய்ச்சல் தொடர்ந்தால் மீண்டும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

* மலேரியா உள்ள மாநிலத்துக்கோ நாட்டுக்கோ போய்வந்திருந்தால், அல்லது முன்பு எப்போதாவது மலேரியா வந்திருந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

* மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. கர்ப்பத்தின் எந்த மாதம், எந்த வகை மலேரியா என்பதைப் பொறுத்து மருந்து மாறும். வைவாக்ஸ் மீண்டும் வராமல் இருக்க மற்றவர்களுக்குத் தரும் 'பிரைமாகுயின்' மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை. அது சில குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும் என்பதே காரணம். வீட்டில் வேறொருவருக்கு வாங்கியதில் மிச்சமிருக்கும் மாத்திரையைத் தொடவே கூடாது.

* காய்ச்சல் விட்டுவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரைகளையும் மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும்.

* மலேரியா கொசு பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகும் இரவிலும்தான் கடிக்கும். படுக்கையில் கொசுவலை கட்டுங்கள். சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் உள்ள நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தொட்டி மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை ஏறிப் பார்ப்பது நல்லது.

* ஆப்பிரிக்கா போன்ற மலேரியா மிகுந்த இடங்களுக்குப் பயணத் திட்டம் இருந்தால், பிரசவம் முடியும்வரை தள்ளிப்போடுவதே உத்தமம். தவிர்க்க முடியாது என்றால், கிளம்பும் முன் மருத்துவரிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள்.

தலைப்பிரசவம் என்றால் நம் வீடுகளில் கர்ப்பிணியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குவார்கள். பிடித்ததைச் சமைப்பார்கள், கனமான குடத்தைத் தூக்கவிட மாட்டார்கள். அந்தக் கவனிப்பில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: அவர் களைப்பாக இருக்கிறது, காய்ச்சலாக இருக்கிறது என்று சொன்னால், கர்ப்பம் என்றால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிவிடாமல், ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதித்துவிடுவது. மலாவியிலும் சரி, மணலியிலும் சரி, தலைச்சன் பிள்ளை நல்ல எடையோடு பிறப்பதற்கு அந்த ஒரு சொட்டு உதவக்கூடும்.